ஜோடிகளை எண்ணியவர்

டீ சூடாக இருக்கிறதா என்று அறிய அவர் டீயை வாயில் வைத்துப் பார்த்ததே கிடையாது. எங்கள் கல்லூரி கேண்டீனில் வர்க்கி ஒன்று, மேரி பிஸ்கட் ஒன்று, பொறை ஒன்று என்று தட்டில் வாங்கி வைத்துக்கொள்வார். மூன்றையும் வரிசையாக டம்ளருக்குள் முக்குவார். வர்க்கி மட்டும் உதிர்ந்தால் டீ ஆறிவிட்டது. மேரியும் பிய்ந்து விழுந்தால் குடிக்கிற பதம். கெட்டியான பொறையே நைந்து போனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் டீ எப்படியும் ஆறியிருக்கும். மேலே மாவு மிதக்கும். அந்தக் கூழைத்தான் குடிப்பார்.

"நாக்குல வச்சா தெரிஞ்சுடும் சார்" என்றேன் ஒருநாள்.

"சுட்டுடுமே மேடம்."

"சுட்டா சூடுன்னு அர்த்தம்."

"அது அளவு இல்லைங்க, அலறல்" என்றார். பக்கத்து மேசையில் பசங்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் கணிதம் எடுத்தேன், அவர் இயற்பியல். ஆரணிக்கு வெளியே வயலுக்கு நடுவில் கட்டிய தனியார் கல்லூரி. பெரிய ஆராய்ச்சிக் கூடங்களில் எல்லாம் வேலை செய்துவிட்டு, நிரந்தர வேலை எங்கும் கிடைக்காமல் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தவர். போதாததற்கு எங்கள் தெருவில், எங்கள் வீட்டுக்கு எதிர் மாடியில் குடிவந்தார். கல்லூரியிலும் அவர் முகம், வீட்டு வாசலிலும் அவர் முகம். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது அவரைக் கூப்பிட்டு மேடையேற்றிச் சால்வை போடுவார்கள். அது தேவையில்லை.

அவருடைய படிப்பைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்த ஆளைப் புரியாது. ஈயத்தின் அணுக்கரு இரண்டை ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் ஓடவிட்டு முட்ட வைப்பார்களாம். முட்டிய இடத்தில் புரோட்டான், நியூட்ரான் எல்லாம் உருகி, அவற்றுக்குள் கட்டுண்டு கிடக்கும் குவார்க்குகள் அவிழ்ந்து குழம்பாகிவிடுமாம். சூரியனின் நடுவயிற்றைக் காட்டிலும் லட்சம் மடங்கு சூடு. ஆனால் அந்தக் குழம்பு ஒரு கண் சிமிட்டும் நேரத்தில் கோடியில் ஒரு பங்கு கூட நிற்காது. எங்கே போய்த் தெர்மாமீட்டர் வைப்பது? அதனால் ஒரு தந்திரம். முட்டும் முதல் கணத்திலேயே கனமான குவார்க் ஒன்றும் அதன் எதிர்க் குவார்க் ஒன்றும் சேர்ந்தே பிறக்கும். கனம் அதிகம் என்பதால் பிறகு அந்தக் குழம்புக்குள் புதிதாகப் பிறப்பது அரிது. ஆக, ஆரம்பத்தில் எத்தனை என்று கணக்குத் தெரியும். அவற்றில் சில ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஜோடியாகக் குழம்பைக் கடக்கும். குழம்பு கொதித்தால் பிடி விட்டுப்போகும். தளர்வாகப் பிடித்த ஜோடி முதலில் பிரியும், இறுகப் பிடித்தது கடைசியில். எத்தனை ஜோடி வெளியே வரவில்லை என்று எண்ணினால், உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்லிவிடலாம்.

"ஏன் சார் பிடி விட்டுப்போகுது?" என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்.

"ஆடி வெள்ளிக்குப் படவேடு கோயிலுக்குப் போயிருக்கியா? புருஷனும் பொண்டாட்டியும் கையப் பிடிச்சுகினுதான் உள்ள போவாங்க. நடுவுல நாலு பேரு பூந்தா? எட்டு பேரு பூந்தா? இவரு தலை அந்தம்மாவுக்குத் தெரியாது, அந்தம்மா குரல் இவருக்குக் கேக்காது. அவ்ளோதான். யாரும் யாரையும் அடிக்கல. நடுவுல கூட்டம். குழம்புக்குள்ளயும் அதே கதைதான்."

இதை நான் வாசலில் நின்று கேட்டேன். நன்றாகத்தான் சொன்னார். பிழைப்பை அதோடு நிறுத்தியிருந்தால் அவரைப் பற்றி நான் எழுதவே வேண்டியதில்லை. குவார்க்குக்குக் கண்டுபிடித்த வழியை மனிதர்கள் மேல் ஏவினார். அங்கேதான் வந்தது வினை.

முதல்வர் அறைக்கு எதிரில்தான் ஆசிரியர் அறை. இவர் நாற்காலியைக் கதவைப் பார்க்கப் போட்டுக்கொள்வார். முதல்வரிடம் யாரும் தனியாகப் போவதில்லை, பயம். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு இரண்டு இரண்டு பேராகப் போவார்கள். இரண்டு பேரும் சேர்ந்து பேசிக்கொண்டே வெளியே வந்தால் இவர் தலையை ஆட்டுவார். போகலாம் என்று அர்த்தம். ஒருவர் முன்னால் விறுவிறுவென்று வந்து, மற்றவர் பின்னால் தனியாக வந்தால், "இன்னிக்கு லீவு கேக்காதீங்க, கொதிக்குது" என்பார். பல நாள் அது பலித்தது. அலுவலக உதவியாளர் முதல் துணை முதல்வர் வரை இவரிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். முதல்வர் அறைக்கு வெளியே தேங்காய் உடைத்துப் பூப்போட்டுக் குறிகேட்கிற மாதிரி ஆகிவிட்டது. முதல்வர் நன்றாக இருக்கிறாரா என்று முதல்வரிடம் கேட்ட ஒரே ஆள் நான்தான். "பல்வலிம்மா" என்றார் அவர் பாவம்.

அடுத்தது கல்யாண மண்டபம். எங்கள் தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் இவருக்குப் பத்திரிகை வந்துவிடும். போய் வாசலில், பன்னீர் தெளிக்கும் பெண்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ஜோடியாக வருகிறவர்கள், தனித்தனியாக வருகிறவர்கள். சாப்பிடும்போது பக்கத்துப் பக்கத்து இலையா, பந்தி வேறயா. போகும்போது ஒரே வண்டியா. இதை வைத்து எந்த வீட்டுக்குள் எவ்வளவு சூடு என்று முடிவு கட்டுவார். யாராவது கேட்டால் சொல்வார். கேட்காதவர்கள் யார்? எங்கள் தெருவில் அடுத்த வீட்டு விஷயம் என்றால் சர்க்கரைப் பொங்கல். அதையும் அறிவியல் என்று ஒருவர் சொன்னால் மேலே நெய் ஊற்றின மாதிரி.

தப்பாகவும் போகும். ஒருமுறை மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்திலிருந்து யார் யாரோ கிடைத்த வண்டியில் ஏறிப் போனார்கள். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மச்சான் மாமன் இரண்டு பேர், வேறு வழியில்லாமல் ஒரே பைக்கில் ஒரே பாலித்தீன் தாளைப் போர்த்திக்கொண்டு போனார்கள். இவர் கைதட்டாத குறை. "சமாதானம் ஆயிட்டாங்க" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அந்த இரண்டு பேரும் நடுத்தெருவில் கட்டிப் புரண்டார்கள், தாள் யாருடையது என்று.

நான் விடவில்லை. "இன்னா சார், உங்க ஜோடி உருண்டுகினு கீது?"

கொஞ்சமும் அசரவில்லை. "அது மறுசேர்க்கைங்க. எங்க வேலையிலயும் உண்டு. உதிரியா நெறைய பேரு சுத்தி இருந்தாங்கன்னா, சூடு ஆறும்போது பக்கத்துல இருக்கறவன எவனையாவது ஒண்ணு புடிச்சுக்கும். பழைய ஜோடின்னு நெனச்சு எண்ணிட்டா கணக்கு கெட்டுடும். அதக் கழிக்கணும். நான் கழிக்கல."

இதுதான் அவரிடம் எனக்கு ஆத்திரம் வரும் இடம். தப்பு என்று காட்டினால் கோபப்பட மாட்டார். அந்தத் தப்புக்கும் அவரிடம் ஒரு பெயர் இருக்கும். பெயர் வைத்தாகிவிட்டது, வேலை முடிந்தது. கட்டிப் புரண்டவன் சட்டை கிழிந்தது அவன் பாடு.

இன்னொன்றும் சொல்வார். மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வார். "குழம்பே உண்டாகாத மோதல்லயும் கொஞ்சம் ஜோடி ஒடையும். சாதாரண அணுக்கருவக் கடந்து போனாலே ஒடையும். அது பச்சைத்தண்ணி. அதுல எவ்ளோ ஒடையுதுன்னு மொதல்ல எண்ணணும். அத எண்ணாம சூட்டப் பத்திப் பேசறவன் பொய் பேசறான்." பசங்கள் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தார்கள். நான் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டேன்.

இனி என் கதை.

எனக்கு அப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. வந்த வரன்கள் என் சம்பளத்தைப் பார்த்து வந்து என் வாயைப் பார்த்துப் போனார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்த ஒருவர் போகக் கூடாது என்று இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு. ரைஸ் மில்லில் மோட்டார் பார்க்கிறவர். போனில் பேசியபோது நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொன்னார். "உனக்கு வாய் ஜாஸ்தின்னு புரோக்கர் சொன்னாரு. பேஜாரா போச்சு, கொஞ்சமாத்தான் கீது" என்றார். பிடித்துப்போய்விட்டது.

பெண் பார்க்க வந்தார்கள். அவரும் அவர் அம்மாவும் சொந்தக்காரர்களும் காலையிலேயே வந்துவிட்டார்கள். அவருடைய அப்பா வரவில்லை. "பின்னால வர்றாரு" என்றார் அந்த அம்மா, அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டாரை ஏன் தாமதம் என்று கேட்பது மரியாதை இல்லையாம். சாப்பாட்டு நேரத்துக்கு அந்தப் பெரியவர் தனியாக டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். மனைவி பக்கம் போகாமல் வாசல் ஓரமாகவே உட்கார்ந்து, தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு, எல்லோருக்கும் முன்னால் தனியாகக் கிளம்பிப் போனார்.

எதிர் மாடிக்காரரும் விருந்துக்கு வந்திருந்தார். மறுநாள் அப்பா அவரிடம் கேட்டார்.

"நேத்து வந்தாங்களே சார், எப்படிங்க?"

"நான் சொல்லக் கூடாதுங்க. கேட்டதால சொல்றேன். வரும்போது தனித்தனி. உக்காந்தது தனித்தனி. போனது தனித்தனி. இவ்ளோ வருஷம் குடும்பம் நடத்தின ஜோடி இது, இறுகின ஜோடி. அதுவே பிரிஞ்சு வருதுன்னா உள்ள ரொம்பச் சூடுங்க."

இது அம்மா காதுக்குப் போகும்போது "தெனம் அடிதடியாம்" என்று ஆகியிருந்தது. சாயங்காலமே அப்பா புரோக்கருக்குப் போன் போட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்றார். எங்கள் ஊரில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம்.

நான் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். வணக்கம் கூடச் சொல்லவில்லை. "உங்கப்பா ஏன் தனியா வந்தாரு?"

"பாவு போட்டோம்" என்றார். "ரெண்டு நாளா மழை. அன்னிக்குத்தான் வெளுத்துது. வுட்டா நூலு வீணாப் போயிடும். பொண்ணு பாக்கற அன்னிக்கும் தறி வேலைய வுடலன்னு சொன்னா அசிங்கம்னு எங்கம்மா சொல்லவேணாம்னுட்டாங்க. கையெல்லாம் கஞ்சி வாடைன்னு அப்பா ஓரமா உக்காந்துட்டாரு. திரும்பிப் போயி மீதியச் சுத்தணும் இல்ல?"

தறியில் நீளவாக்கில் ஏறும் இழைதான் பாவு. அதைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, வெயில் ஏறுவதற்குள் நீவிவிட வேண்டும். அன்றைக்கு வீட்டில் ஒருவர் நின்றே ஆக வேண்டும். பாவு போடுகிற நாளில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து எந்தக் கல்யாணத்துக்கும் போனதாக ஆரணியில் சரித்திரமே இல்லை. என் அப்பாவும் தறிக்காரர்தான். என் அம்மா பாதிக் கல்யாணங்களுக்குத் தனியாகத்தான் போய் வந்திருக்கிறாள். அவ்வளவும் ஒரு டாக்டர் பட்டத்துக்கு முன்னால் மறந்துபோயிற்று.

நேராக எதிர் மாடிக்கு ஏறினேன்.

"சார், காலைல கதவத் தொறந்தா தெருவுல இன்னா நடக்குது?"

"பாவு போடறாங்க."

"அன்னிக்கு அந்த வூட்டுப் புருஷனும் பொண்டாட்டியும் ஜோடியா ஊர்வலம் போவாங்களா?"

அவர் ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தார்.

"பச்சைத்தண்ணிய மொதல்ல எண்ணணும்னு மேசையைத் தட்டுவீங்களே. எங்க தெருவுக்கு எண்ணினீங்களா? எண்ணாம சூட்டப் பத்திப் பேசறவன் யாரு சார்?"

வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குச் சந்தோஷம் வந்தது! "அருமை மேடம்! சூடே இல்லாத பிரிவு! நான் கழிக்கவே இல்ல!" என்று செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினார், அப்பாவிடம் திருத்தம் சொல்ல. நானும் பின்னால் ஓடினேன்.

"ஐயா, நான் சொன்னது தப்புங்க. கொதிக்குதுன்னு சொல்ல முடியாது."

அப்பா முகம் மலர்ந்தது. "அப்ப நல்ல எடம்றீங்க?"

"அதையும் சொல்ல முடியாதுங்க. கொதிக்கலன்னும் சொல்ல முடியாது. என் கையில இருக்கறத வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது."

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. அப்பா என் பக்கம் திரும்பி, "டாக்டரே ஒண்ணும் சொல்ல முடியலன்றாரு பாத்தியா? அவ்ளோ மோசம் போல" என்றார்.

நான் வண்டிச் சாவியை எடுத்தேன். "ஏறுங்க சார்."

"எங்கங்க?"

"ஆத்துக்கு அந்தாண்ட. அந்த வூட்டுக்கு. நீங்க ஆரம்பிச்சீங்க, நீங்களே வந்து கேளுங்க."

"நேரா கேட்டா சரியா வராதுங்க. கேக்கறோம்னு தெரிஞ்சாலே பதில் மாறிடும்."

"மாறட்டும் சார். உங்க குழம்புதான் நிமிஷம் கூட நிக்காது. அந்த வூடு எங்கயும் ஓடிடாது. அதுக்கு வாசலு கீது, வாசல்ல ஒரு அம்மா உக்காந்துகினு கீறாங்க. ஏறுங்க!"

ஏறினார். பெண்ணே மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதா என்று அம்மா பின்னால் கத்தியது பாலம் வரை கேட்டது.

அந்த அம்மா வாசலில்தான் இருந்தார், முறத்தில் அரிசி வைத்துப் புடைத்துக்கொண்டு. மாப்பிள்ளை மில்லில். பெரியவர் உள்ளே தறியில் இருந்தார், சத்தம் கேட்டது. என்னைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. "வாம்மா. வேணாம்னு சொல்ல ஆளக் கூட்டிகினு வந்தியா?" என்றார்.

"இவரு உங்கள ஒண்ணு கேக்கணும்ங்க."

அவர் நின்றார். கையைப் பிசைந்தார். அந்தப் படித்த மனிதர், ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்க முடியாமல் வேர்த்து வழிந்ததை நான் முழுதாக ரசித்தேன். கடைசியில் கேட்டுவிட்டார். "நீங்களும் ஐயாவும்… சண்டை போடுவீங்களாங்க?"

"ஆமா. தெனம்" என்றார் அந்த அம்மா. தறிச் சத்தம் நின்றது. "சண்டை போடாம இன்னா பண்றது? காது கேக்காத மாதிரியே உக்காந்துகினு கீறாரு அந்த மனுசன். காலைல ஒண்ணு, சோறு போடும்போது ஒண்ணு. ஏன், கட்டிக்கப் போறது இந்தப் பொண்ணா, நீங்களா?"

உள்ளேயிருந்து, "காது நல்லாதான் கேக்குது" என்றது பெரியவர் குரல். தறி மறுபடி ஓடியது.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆக, சூடு இருந்தது. பிரிந்து வந்ததற்கு அது காரணம் இல்லை. இதை எந்தக் கணக்கில் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தார். "இவ்ளோ கேக்கறீங்களே, உங்க வூட்டம்மா எங்கங்க?"

"கோயமுத்தூர்ல. அவங்களுக்கு அங்க வேலைங்க."

"இங்க வருவாங்களா?"

"தெரியலைங்க."

"தெரியலன்னா? வர்றியான்னு கேட்டீங்களா இல்லியா?"

ஊரில் எல்லார் வீட்டுச் சூடும் விரல் நுனியில் வைத்திருந்தவர், "கேக்கலைங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த அம்மாவுக்கும் வரவில்லை. "நல்ல ஆளு சார் நீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. சுத்தி வளைக்காத. எங்க வூட்டுக்கு வர்றியா, இல்லியா?"

அப்பாவைக் கேட்க வேண்டும், அம்மாவைக் கேட்க வேண்டும், புரோக்கர் மூலம் சொல்ல வேண்டும். எல்லாம் தெரியும். "வர்றேங்க" என்றேன்.

"அப்ப உள்ள வா. காபி போட்றேன். சார், நீங்களும் வாங்க, சும்மா நிக்காதீங்க."

திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து பாலம் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். ஒரே ஒரு வீடு, ஒரே ஒரு பதில், இதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எந்த முடிவுக்கும் வரக் கூடாது, இன்னும் நிறைய வீடுகளைக் கேட்க வேண்டும் என்றார். எங்கள் தெரு வந்தது. அப்பாவும் அம்மாவும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒண்ண வச்சு முடிவு பண்ண முடியாது மேடம்."

"பண்ணிட்டேன் சார். எறங்குங்க."